படத்தில் கைகட்டி நிற்பது யார்?

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரச் சேரிகளில் நாங்கள் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறோம். அந்த மையங்களுக்குப் பாடப் பொருட்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. சிப்காட்டில் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு வண்ணப் புத்தகங்களாகவும் சுவர் அட்டைகளாகவும் எங்கள் பிள்ளைகளிடம் வருகிறது. தாள் நல்ல தாள். அச்சும் நல்ல அச்சு. எங்கள் சண்டை படங்களோடு.

குடிப்பழக்கம் பற்றிய அட்டையில் குடிக்கிறவர் கறுப்பாக இருக்கிறார், லுங்கி கட்டியிருக்கிறார், பின்னால் ஒரு குடிசை. குழந்தைத் திருமணம் பற்றிய அட்டையில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் அப்பாவும் அதே ஆள்தான். பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறவர், கை கழுவாமல் சாப்பிடுகிறவர், வெளியில் மலம் கழிக்கிறவர் என்று எல்லா அட்டையிலும் அவரே வருகிறார். திருத்த வருகிற டீச்சரம்மா, டாக்டர், வக்கீல் மட்டும் சிவப்பாக, இஸ்திரி போட்ட துணியில் நிற்கிறார்கள். நம் ஆள் அவர்கள் முன்னால் கைகட்டி நிற்கிறார். ஒரு மூட்டையில் இருந்த 24 அட்டைகளைத் தரையில் பரப்பிப் பார்த்தோம். சேரிக்காரர் என்று அடையாளம் சொல்லக்கூடிய ஒருவர்கூட எதையும் கற்பிக்கவில்லை, எதற்கும் கையெழுத்துப் போடவில்லை, நாற்காலியில் உட்காரவில்லை.

இதைக் கேட்டால் வரும் பதில் எங்களுக்கு மனப்பாடம். "படத்துல கூடவா சார் சாதி பாப்பீங்க?" பார்ப்பது நாங்கள் என்றால், வரைந்தது யார்? குடிகாரரை வரையச் சொன்னதும் ஓவியர் கை தானாகக் கறுப்பு மையைத் தொடுகிறதே, அது எந்தப் பள்ளியில் கற்ற பாடம்?

எங்கள் பகுதியில் இது இன்னும் கூர்மையான விஷயம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இந்த எல்லை வட்டாரங்களில் அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி தெலுங்கு அல்லது கன்னடம். தமிழ் எழுத்து பள்ளிக்கூடத்தில்தான் அறிமுகமாகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் அந்தப் பிள்ளை புத்தகத்தில் படிப்பது படத்தைத்தான். தாம்பரத்துப் பிள்ளைக்குப் பாடத்தின் ஓரத்தில் படம் இருக்கிறது என்றால், அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைக்குப் படத்தின் ஓரத்தில்தான் பாடம் இருக்கிறது. 'குடி குடியைக் கெடுக்கும்' என்ற வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்கு முன்பே, கெட்டவன் என் அப்பா மாதிரி இருக்கிறான் என்று அது படித்துவிடுகிறது.

மிகைப்படுத்தவில்லை. 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி கறுப்பினக் குழந்தைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி, நல்ல பொம்மை எது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வு இடம்பெற்றது. பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2020இல் மேற்கு வங்கத்தின் பர்த்தமானில் மழலையர் வகுப்பு ஆங்கில எழுத்துப் புத்தகம் ஒன்றில் 'அசிங்கம்' என்ற சொல்லுக்குக் கறுப்பு நிறப் பையனின் படம் போட்டிருந்தது. அதை வைத்துப் பாடம் நடத்தியதற்காக இரண்டு ஆசிரியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். எழுதியவருக்கு, வரைந்தவருக்கு, அச்சடித்தவருக்கு என எத்தனை பேர் கண்ணைத் தாண்டி வந்திருக்கும் அந்தப் படம்!

பாடநூல் படம் என்றதும் 2012ஐப் பேசாமல் நகர முடியாது. என்.சி.இ.ஆர்.டி.யின் 11ஆம் வகுப்பு அரசியல் நூலில் சங்கர் 1949இல் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று இருந்தது. அரசமைப்புச் சட்டம் ஒரு நத்தை. அதன் மேல் கையில் சாட்டையோடு அம்பேத்கர். பின்னால் சாட்டையை ஓங்கியபடி நேரு. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். 2012 மே 11 அன்று தொல். திருமாவளவன் இதை மக்களவையில் எழுப்பினார். அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்து, படம் நீக்கப்படும் என்றார். நூலின் முதன்மை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். மறுநாள் புனேயில் பல்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. அந்தத் தாக்குதலில் எங்களுக்கு உடன்பாடில்லை. அந்த நூலாசிரியர்கள் நம் எதிரிகளும் அல்ல. மனப்பாடப் பாடநூல்களுக்கு நடுவில் மாணவரை யோசிக்கச் சொன்ன நூல் அது.

ஆனால் அன்று ஆங்கில ஏடுகளில் எழுதியவர்கள் சொன்னது என்ன? தலித்துகளுக்கு நகைச்சுவை புரியவில்லை, சாட்டை நத்தைக்கு ஓங்கியது, அம்பேத்கருக்கு அல்ல என்றார்கள். பரம்பரையில் சாட்டையடி வாங்காதவருக்கு அது நத்தைக்கானதாகத் தெரிவதில் வியப்பில்லை. கீழத்தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைக்கு அந்தக் கோடு வேறு இடத்தில் போய் விழுகிறது. ஒரே படம் வகுப்பின் இரண்டு பெஞ்சுகளில் இரண்டு விதமாகப் படிக்கப்படும் என்பது பாடநூல் செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னொன்று, அந்தப் படம் சொன்ன செய்தியே கோணல். 1948 நவம்பர் 5 அன்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி அரசமைப்பு அவையில் பேசியது பதிவில் இருக்கிறது. வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் அரசு வேலையில் மூழ்கியிருந்தார், ஓரிருவர் டெல்லிக்கு வெகுதூரத்தில் இருந்தார்கள், சுமை அம்பேத்கர் ஒருவர் தோளில் விழுந்தது என்றார். தாமதக் குற்றச்சாட்டுக்கு அம்பேத்கரே 1949 நவம்பர் 25 அன்று பதில் சொன்னார். ஆஸ்திரேலியா ஒன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டதையும், இந்த அவை 2,473 திருத்தங்களைக் கையாள வேண்டியிருந்ததையும் எடுத்துக்காட்டினார். ஏழு பேர் வேலையை இழுத்துச் செய்த மனிதரைச் சாட்டைக்கு முன்னால் உட்காரவைத்த படம், இந்தப் பதில்களோடு பக்கத்தில் நின்றிருந்தால் பாடமாகியிருக்கும். தனியாக நின்றபோது மாணவர் மனதில் தங்கியது நத்தையும் சாட்டையும்தான். நீக்கியதோடு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் எந்தப் படம் வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்பதே எங்கள் வருத்தம்.

நம் இயக்கத் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றி நம்மவர்கள் போடும் கையேடுகளின் அட்டையில் எரிந்த குடிசை, வெட்டுப்பட்ட உடல், தலைவிரி கோலத்தில் அழும் தாய். நீதி கேட்கும் சுவரொட்டியில் அதற்கு இடம் உண்டு. 1955இல் எம்மெட் டில்லின் சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்துவைத்தவர் அவன் தாய் மேமி. அது தாயின் முடிவு. பத்து வயதுப் பிள்ளை விரித்துவைத்துப் படிக்கும் கையேட்டில், யாரோ எடுத்த பிணத்தின் படத்தை, அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் போடுவது யாருடைய முடிவு? அதைப் பார்க்கும் பிள்ளை சட்டத்தைக் கற்றுக்கொள்வதில்லை. எதிர்த்தால் இதுதான் கதி என்று கற்றுக்கொள்கிறது. ஆதிக்க சாதிக்காரர் சொல்ல விரும்புவதும் அதைத்தானே?

சட்டத்தை வரைய முடியாதா? முடியும். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு காவல் அதிகாரியின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, கையெழுத்து வாங்குவதற்கு முன் வாசித்துக் காட்ட வேண்டும். பதிவு செய்த தகவலின் நகலை உடனே கையில் தர வேண்டும். வேண்டுமென்றே தவறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. (தலித் அல்லாத, பழங்குடி அல்லாத அலுவலர் என்றால்.) ஆக, வரைய வேண்டிய காட்சி சட்டத்திலேயே இருக்கிறது: அதிகாரி வாசிக்கிறார், நம் பெண் கேட்கிறாள், நகலை வாங்கிப் பையில் வைக்கிறாள்.

பிரேசிலில் 1963இல் பாவ்லோ ஃப்ரெய்ரே அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவித்தபோது, எழுத்துக்கு முன்னால் அவர்கள் வாழ்க்கைப் படங்களைக் காட்டிப் பேசவிட்டார். நாங்களும் எங்கள் கையேட்டை அப்படித்தான் செய்கிறோம். பென்சில் படத்தோடு சேரிக்குப் போய் உட்காருகிறோம். "இதுல என்ன நடக்குது?" என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்பதில்லை. இது செலவு அதிகமில்லாத வேலை. மூன்று மாலைகள், ஒரு ஓவியருக்குக் கூலி. இதைச் செய்யாமல் பெங்களூரில் இருந்துகொண்டு கணினியிடம் 'தமிழ்க் கிராமக் குடும்பம்' என்று கேட்டு, தலைப்பாகை கட்டிய வடநாட்டுத் தாத்தாவை வாங்கி அச்சடித்து அனுப்புகிறார்கள்.

எங்கள் பிள்ளைகளின் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் நாங்களே சொல்வோம். ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில் இருக்கிறது. கிரானைட் குவாரி இருக்கிறது. விடியலில் கம்பெனி பஸ்ஸுக்காகக் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கும் அக்காக்கள் இருக்கிறார்கள். தட்டில் ராகிக் களி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறியும் இருக்கிறது. உணவுப் பாடத்தில் வாழையிலையும் எட்டு வகைக் கூட்டும் மட்டும் ஏன் வருகிறது? கறுப்பாக இருக்கிற ஒரு டீச்சர், லுங்கி கட்டிய ஒரு அப்பா பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிற படம், ஏன் ஒரு மூட்டையிலும் வருவதில்லை? அடுத்த மூட்டை அனுப்புகிறவர்கள் அச்சுக்குப் போவதற்கு முன் படங்களை எங்கள் மையங்களுக்கு அனுப்பட்டும். பிள்ளைகளின் அம்மாக்கள் பார்த்துச் சொல்லாத ஓர் அட்டையையும் இனிச் சுவரில் ஒட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

காவல் நிலையப் படத்தில் இன்னும் ஒரு தகராறு ஓடுகிறது. ஓவியர் அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்தார். "ஸ்டேஷன்ல எந்தக் காலத்துல நமக்குச் சேர் போட்டாங்க? பொய்யா வரையாதீங்கப்பா" என்றார் குவாரி வேலைக்குப் போகும் ஒரு அக்கா. பக்கத்தில் இருந்த அவர் மகள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள், "வரைஞ்சாத்தாம்மா நான் போனா கேப்பேன்" என்றாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போதைக்கு நாற்காலியைப் பென்சிலில் வைத்திருக்கிறோம்.