விற்பனையும் ஒரு கைத்தொழிலே

நெசவு கற்க ஆண்டுகள் பல வேண்டும் என்பதை நம் அங்கத்தினர் எவரும் மறுப்பதில்லை. பயிர்த்தொழிலும் அவ்வாறே. விற்பனை மட்டும் எவர்க்கும் கற்பிக்க வேண்டாத காரியம் என்று எண்ணிவருகிறோம். "சரக்கு நயமாயிருந்தால் தானே விலைபோகும்" என்பது சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வாக்கு. இவ்வெண்ணம் நமக்குப் பெருநஷ்டம் விளைவிக்கிறது என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம்.

சங்கத்தின் மூலதனம் நூலாகிறது, நூல் துணியாகிறது, துணி விற்றால்தான் மீண்டும் நூல் வாங்க இயலும். அலமாரியில் சேலை தேங்கினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். ஆகவே விற்பனைசாலைச் சிப்பந்தியின் ஒரு சொல், நெசவாளியின் வீட்டு அடுப்பு வரை எட்டுகிறது.

பட்டுச் சேலையின் விலையைக் கேட்டு வாடிக்கைக்காரர் ஒருவர் மலைத்து நிற்கிறார் என்று கொள்வோம். "தள்ளுபடி உண்டு" என்பதே பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கும் மறுமொழி. அது காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையாயின், உடலுக்கு ஒரு நாடாவும் கரைகளுக்கு வேறு நாடாக்களும் ஓட்டி, இருவர் சேர்ந்து நெய்தது என்று கூறி, உடலும் கரையும் கோக்கப்பட்ட இடத்தைத் தொட்டுக் காட்டினால் விலையின் நியாயம் விளங்கும். மத்திய அரசு 2006-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய கைத்தறி முத்திரையின் பொருளை எடுத்துச் சொன்னால் நம்பிக்கை பிறக்கும். தள்ளுபடி கூடாது என்பது என் வாதமன்று. பண்டிகைக் காலத்தில் அது உதவவே செய்கிறது. ஆயினும் அது ஒன்றையே நம்பினால், தள்ளுபடி நாள் வரும்வரை காத்திருக்கும் பழக்கத்தை வாங்குவோர்க்கு நாமே கற்பித்தவராவோம்.

சாதுரியப் பேச்சே விற்பனை என்று கொள்வதும் பிழை. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளிகள் உள்ளிட்ட 28 பேர் தொடங்கிய கடையில் மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில சரக்குகளே இருந்தன. கலப்படமற்ற பொருள், குறையாத எடை என்பவையே அவர்கள் கையாண்ட தந்திரம். முதற்சலவையில் சாயம் சிறிது கழியுமாயின் அதை நாம் முன்னரே சொல்லுதல் வேண்டும். மறைத்து விற்றால் ஒரு சேலை விற்கும். ஒரு குடும்பத்தின் வாடிக்கை போகும். மஞ்சள் விளைவிக்கும் அன்பர்க்கும் இதுவே விதி. விரலியும் கிழங்கும் கலந்து, சரிவர உலராமல் ஏலத்துக்கு வரும் மூட்டை, தன் சொந்தக்காரருக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லிவிடும்.

இனிச் செய்யவேண்டுவது யாது? விற்பனைச் சிப்பந்தி ஒவ்வொருவரும், வியாபாரம் மந்தமான மாதத்தில் ஒரு வாரமேனும் தறியருகே அமர்ந்து, பாவு பிணைப்பது முதல் அறுத்தெடுப்பது வரை கண்டறிதல் வேண்டும். நெசவாளியும் ஆண்டில் சில நாள் விற்பனைசாலையில் நின்று, தம் துணியை மக்கள் எதற்காக எடுக்கிறார்கள், எதற்காக மடித்து வைத்துவிடுகிறார்கள் என்று பார்த்தல் நன்று. கேட்டும் நம்மிடம் இல்லாத நிறம், நீளம், கரை ஆகியவற்றைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நிர்வாகக் குழு மாதந்தோறும் அதைப் படித்துவிட்டே அடுத்த பாவுக்கு உத்தரவிட வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. வரும் பொதுக்குழுவில் அங்கத்தினர் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருவார்களாக.