பட்ட கொம்பில் வாழும் புலிவண்டு

காடு அழிந்தால் மரம் நட்டு ஈடுசெய்துவிடலாம் என்னும் எண்ணம் இன்று படித்தோரிடையேயும் வேரூன்றியுள்ளது. அஃது அரைகுறை உண்மையே என்பது எமது துணிபு. இதற்குச் சான்றாகத் தென்னமெரிக்கக் காடுகளின் சிறு வண்டொன்றினை முன்வைக்கின்றோம்.

புலிவண்டு என்றதும் மணற்பரப்பில் ஓடி இரைபற்றும் வண்டே நினைவுக்கு வரும். மெட்சிக்கோ முதல் ஆர்சென்ரீனா வரையுள்ள காடுகளிலோ மரத்திலேயே வாழும் புலிவண்டுகள் உள. பேர்ளின் அறிஞர் குளூக் 1821இல் அவற்றுக்குத் 'தெனொசுத்தோமா' எனப் பெயரிட்டார். 'சீப்புவாய்' என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். தமிழிலும் அவ்வாறே வழங்கலாம். மெலிந்த உடலும் ஒடுங்கிய இடையுமாகக் கிளைகளில் ஊரும் சீப்புவாயைக் காண்போர் எறும்பென்றே எண்ணுவர். பறக்கும் ஆற்றல் அதற்கில்லை.

அதன் குடம்பி வாழுமிடமே எமது வாதத்தின் உயிர்நாடி. நிலத்துப் புலிவண்டின் குடம்பி மண்ணிலே துளைசெய்து வாழ, இதுவோ பட்டுலர்ந்த கொம்பினுள்ளே வாழ்கின்றது. பிறேசிலில் ஆய்ந்த சிக்கான் என்பார் இவ்வண்டுகளின் வாழ்க்கையை 1929இல் எழுதி வெளியிட்டார். துளைவாயிலைத் தலையால் அடைத்துக் காத்திருக்கும் குடம்பி, அருகே வரும் சிற்றுயிரைத் தாடையாற் கவ்வி உள்ளிழுக்கும். இரை எத்துணை திமிறினும் குடம்பி வெளியே இழுபடாது. அதன் முதுகுக் கொக்கிகள் துளைச்சுவரைப் பற்றிநிற்கும்.

மாணவர் கட்டுரைகளிற் 'பட்ட மரம்போல' என்னும் உவமை பயனின்மைக்கே வருகின்றது. (அதனை விலக்குமாறு யாம் கூறவில்லை, உவமையின்றித் தமிழாசிரியர் பிழைப்பது அரிது.) விறகு வெட்டுவோர் கணக்கும் அவ்வளவே.

பிறேசிலின் அத்திலாந்திக்குக் கரைக்காட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. எஞ்சியவற்றுட் பெரும்பகுதி துண்டுதுண்டாய்க் கிடக்கின்றது. இடைநிலத்தில் இன்று கன்று நட்டாலும், அதிலே குடம்பிக்கேற்ற பட்ட கொம்பு தோன்றப் பல்லாண்டு செல்லும். தோன்றிய பின்னரும், வெட்டவெளியைப் பறந்து கடக்கமாட்டாத வண்டு ஆங்கு எங்ஙனம் வந்துசேரும்? நட்ட கன்றுகளை எண்ணி விழாவெடுப்போர் இவ்வினாவை எழுப்புவதேயில்லை.

இலங்கைக் காடுகளிலும் இதற்கு உறவான மரப்புலிவண்டுகள் உள. 'தெரோக்கிரேனியா' என்னும் சாதி இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்குமே உரியது, அதுவும் பறப்பதில்லை. எம் மாணவர் காடு காணச் செல்லுங்கால் பூவோடும் காயோடும் நின்றுவிடாது, பட்ட கொம்பினையும் முறிக்காமல் உற்றுநோக்குக. அதிலே சிறு துளை காணின், விஞ்ஞான ஆசிரியரை அழைத்துக் காட்டுக.