வாடிக்கையாளருக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தப் பெங்களூரிலே நிகழ்ந்த ஒரு சம்பவம், நுகர்வோர் வழக்குகளை நடத்துகின்ற நம்மவர்களின் நினைவிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டது. மறந்திருக்கக் கூடாத விஷயம் என்பதாலேயே அதை இங்கே மீண்டும் எடுத்துரைக்கிறோம். ஏர்டெல் நிறுவனத்தின் 3ஜி இணைப்பை விலை கொடுத்துப் பெற்றிருந்த நிரலாளர் ஒருவர், அந்த இணைப்பின் வழியே தம்முடைய இணையதளத்தைத் திறந்து அதன் மூலநிரலைப் பார்வையிட்டபோது, தாம் எழுதாத ஒரு சிறு நிரல்துண்டு அதனுள்ளே செருகப்பட்டிருப்பதைக் கண்டார். எண்களால் மட்டுமே ஆன ஏதோவொரு முகவரியிலிருந்து அது வரவழைக்கப்பட்டிருந்தது. தேடிப் பார்த்ததில் அம்முகவரி ஏர்டெலின் வலையமைப்புக்கே உரியதென்று தெரிந்தது. கண்டதை அவர் சான்றுகளோடு கிட்ஹப் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்தார். சில தினங்களுக்குள், அந்நிரலைச் செய்த பிளாஷ் நெட்வொர்க்ஸ் என்னும் இஸ்ரேலிய நிறுவனத்தின் சார்பாக, மும்பை வழக்கறிஞர்களிடமிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்தது. தங்கள் நிரலை வெளியிட்டது உரிமை மீறல் என்றும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படியும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படியும் குற்றம் என்றும் அது கூறிற்று. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் கிட்ஹப்புக்கும் ஒரு நோட்டீஸ் போயிற்று. அவர் வைத்த சான்றுகள் பொதுமக்கள் பார்வையிலிருந்து அகற்றப்பட்டன.

நோட்டீசுக்கும் தங்களுக்கும் எவ்வித சம்பந்தமும் இல்லையென்றும், வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா செலவழித்தார் என்பதை அவருக்கே அறிவிப்பதற்கான பரிசோதனை முயற்சிதான் அது என்றும் ஏர்டெல் அப்போது அறிக்கை வெளியிட்டது. அவ்விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அடிப்படையான கேள்வி அகன்றுவிடுவதில்லை. விலை கொடுத்தவன் தன் கருவிக்குள் வந்து சேர்ந்தது இன்னதென்று பார்க்கவும், பார்த்ததைப் பிறருக்குச் சொல்லவும் உரிமையுடையவனா, அல்லவா?

இக்கேள்வியின் ஒரு பாதி தொலைத்தொடர்புச் சட்டத்தைச் சார்ந்தது. ஒப்படைக்கப்பட்ட செய்தியைச் சுமந்து செல்பவன் அதில் கைவைக்கலாகாது என்பது இணையத்தோடு பிறந்த புதிய கோட்பாடன்று. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தன் 26-ஆம் பிரிவில், அனுப்புவதற்காகப் பெற்ற செய்தியை வேண்டுமென்றே மறைக்கிற அல்லது மாற்றுகிற தந்தி ஊழியரைச் சிறைத் தண்டனைக்கு உரியவராக்கியிருந்தது. அரசாங்கத்தின் ஊழியர் மட்டுமல்லாமல், உரிமம் பெற்று நடத்துபவரின் ஊழியரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவர். அந்நிய அரசாங்கம் தன் வசதிக்காக இயற்றிய சட்டத்திலேயே இடம்பெற்ற இந்த நியாயம், 2015-இல் ஏறக்குறைய யாராலும் எடுத்துப் பேசப்படவில்லை என்பது எமக்கு இன்றும் வருத்தமளிக்கிறது. பின்னர், 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி டிராய் ஆணையம், தளத்துக்குத் தளம் டேட்டா கட்டணத்தை வேறுபடுத்துவதைத் தடை செய்தது. 2018-இல் மத்திய அரசு, இணையச் சமநிலைக் கொள்கையை உரிம நிபந்தனைகளுக்குள் கொண்டுவரத் தீர்மானித்தது. லட்சக்கணக்கான சாமானிய ஜனங்கள் எழுதிய கடிதங்களால் விளைந்த அந்த வெற்றி போற்றத்தக்கது.

மற்றப் பாதி பதிப்புரிமையைச் சார்ந்தது. நம்மவர்கள் தயங்கி நிற்கும் இடமும் அதுவே. சேவைக் குறைபாடு என்றால் தயக்கமின்றிப் புகார் மனு எழுதுகிற நாம், பதிப்புரிமை என்ற சொல் தாங்கிய நோட்டீசைக் கட்சிக்காரர் கொண்டுவந்து மேசைமேல் வைத்தவுடன், அது வேறு யாரோ நிபுணருக்கு உரிய துறை என்று கருதி, வெளியிட்டதை எடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும்படி யோசனை சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த யோசனை பெரும்பாலான சந்தர்ப்பங்களில் பிழையானது என்பது எம் திடமான அபிப்பிராயம்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து 52-ஆம் பிரிவை நிதானமாக வாசியுங்கள். சொந்த ஆய்வுக்காகவும், விமர்சனத்துக்காகவும், நடப்புச் செய்திகளை அறிவிப்பதற்காகவும் செய்யப்படும் நியாயமான பயன்பாடு மீறலாகாது என்று அதன் முதற்கூறே சொல்கிறது. 1999-இல் சேர்க்கப்பட்ட உட்கூறு ஒன்று, கணினி நிரலொன்றின் அடிப்படையான கருத்துகளையும் கோட்பாடுகளையும் அறியும்பொருட்டு, அது எதற்காக வழங்கப்பட்டதோ அந்தச் செயற்பாட்டின்போது அதைக் கவனிப்பதும் ஆராய்வதும் சோதிப்பதும் மீறலல்ல என்று விதிக்கிறது. அழையாமலே நம் கருவிக்குள் புகுந்து இயங்குகிற நிரலைக் கவனித்துப் பார்ப்பதற்கு இதைவிட நேரான பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? கவனித்ததை முழுப் பிரதியோடு வெளியிடலாமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் சில வரிகளே ஆன ஒரு துண்டை, பொதுநலன் கருதி, விமர்சனத்தோடு காட்டுவது நியாயமான பயன்பாடே என்று வாதிட நமக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது.

2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொரு ஆயுதத்தையும் தந்திருக்கிறது. உரிமையாளர் என்று சொல்லிக்கொள்பவர் எழுத்துமூலம் புகார் செய்தால், தளத்தை நடத்துபவர் அந்த விஷயத்துக்கான அணுகலை 21 நாட்களுக்கு நிறுத்திவைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்றத்தின் உத்தரவு வரவில்லையெனில் மீண்டும் அனுமதிக்கலாம். உத்தரவைப் பெறும் பாரம் புகார் செய்தவர்மேலே விழுகிறது. அமெரிக்க முறையிலோ, பாதிக்கப்பட்டவர் தாமே எதிர் அறிவிப்பு அனுப்பி, சத்தியம் செய்து, அந்நாட்டு நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கும் சம்மதித்த பிறகுதான், எதிர்த்தரப்பு வழக்குத் தொடராத பட்சத்தில், பத்து முதல் பதினான்கு வேலை நாட்களில் விஷயம் மீள்கிறது. சான்றுகளை எந்தத் தளத்தில் வைப்பது என்று கட்சிக்காரர் கேட்கையில் இந்த வித்தியாசத்தை அவருக்கு விளக்கிச் சொல்வது நம் கடமை.

எல்லாவற்றிலும் அதிகமாகப் புறக்கணிக்கப்பட்டிருப்பது 60-ஆம் பிரிவு. பதிப்புரிமை தனக்கு உண்டென்று சொல்லி வழக்குத் தொடருவதாக ஆதாரமின்றி மிரட்டுபவர்மீது, மிரட்டப்பட்டவரே நீதிமன்றத்தை நாடலாம்; தாம் செய்தது மீறலன்று என்ற விளம்புகையையும், மிரட்டலைத் தொடராதபடி தடையுத்தரவையும், நஷ்டமடைந்திருந்தால் அதற்கு ஈட்டையும் பெறலாம். மிரட்டியவர் உரிய விரைவோடு மெய்யாகவே வழக்குத் தொடுத்து நடத்தினால் மாத்திரமே இப்பிரிவு பயன்படாது. ஆகவே, நோட்டீசோடு நின்றுவிடுவதே உத்தேசமாகக் கொண்டவர்களுக்கு இது நேரான பதிலாகும்.

இனி, சேவைக் குறைபாட்டுப் புகாருக்கு உரிய மன்றம் எது என்ற பிரச்சனை. 2009-இல் கிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தொலைபேசிப் புகார்களைத் தந்திச் சட்டத்தின் நடுவர் விசாரணைக்குத் தள்ளி, நுகர்வோர் மன்றங்களின் கதவை வெகுகாலம் சாத்தி வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி, வோடபோன் ஐடியா வழக்கில், அக்கதவு திறக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ சேவை என்பதன் வரையறைக்குள்ளேயே தொலைத்தொடர்பைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதன் கீழான பரிகாரத்தை 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் காப்பாற்றி வைத்திருக்கிறது. அல்சூர்வாசி ஒருவர், நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும், தாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம்; கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதாயின் கட்டணமும் கிடையாது.

நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், 2015-இல் அகப்பட்டவர் மூலநிரலைத் திறந்து வாசிக்கத் தெரிந்தவராக இருந்தார் என்பதுதான். அல்சூர் பஜார் தெருவில் கைபேசிக் கடை வாசலில் நின்று மாத ரீசார்ஜ் செய்துகொள்ளும் சித்தாளுக்கோ, பூ விற்கும் அம்மாளுக்கோ அந்த வித்தை தெரியாது. மாலைக்குள் டேட்டா தீர்ந்துவிட்டதாக ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அதைக் கடைக்காரப் பையனிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது தம்பி என்று கேட்பார்கள். தீர்ந்துபோச்சும்மா என்பான் அவன். எதனால் தீர்ந்தது என்பது அவனுக்கும் தெரியாது. அவர்களுடைய கருவிக்குள் என்ன நடக்கிறது என்பதை, தெரிந்த ஒருவர் அவர்களுக்காகப் பார்த்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படிப் பார்த்துச் சொல்பவரின் வாயை நோட்டீசால் அடைக்க முடியுமானால், இவர்களுக்கென்று எழுதப்பட்ட உரிமைகள் யாவும் ஏட்டிலேயே நின்றுவிடும்.

சான்றைப் பற்றி ஒரு வார்த்தை. திரையைப் படம் பிடித்தால் மட்டும் போதாது. பக்கத்தின் மூலநிரலை முழுமையாகச் சேமித்து, தேதி, நேரம், இணைப்பின் விவரம் ஆகியவற்றைக் குறித்து, அதே பக்கத்தை வேறொரு நிறுவனத்தின் இணைப்பிலும் திறந்து ஒப்பிட்டு, இரண்டு கோப்புகளுக்கும் ஹாஷ் மதிப்பை அன்றைக்கே எடுத்துவைக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்த மதிப்பைக் குறிப்பிட இடம் இருக்கிறது.

60-ஆம் பிரிவின் கீழ் தாக்கல் செய்வதற்கான மாதிரிப் பிராது ஒன்றை, பிரிவு வாரியான குறிப்புகளோடு, அடுத்த இதழில் வெளியிட எண்ணியிருக்கிறோம். இத்தகைய நோட்டீசுகளைப் பெற்ற கட்சிக்காரர்கள் உங்களிடம் வந்திருந்தால், அவர்களுடைய பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, நோட்டீசின் நகலையும் நீங்கள் அனுப்பிய பதிலின் நகலையும் எங்களுக்கு அனுப்பி உதவுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.