சாயக்கழிவுநீருக்கு பிளாஸ்மா: நிறம் போகும், உப்பு போகுமா?

புதுதில்லி: ராஜஸ்தானின் பாலி, குஜராத்தின் ஜேத்பூர், தமிழகத்தின் திருப்பூர் என ஜவுளி நகரங்களை ஒட்டிய ஆறுகள் பல ஆண்டுகளாகச் சாயக்கழிவின் சுமையைத் தாங்கி வருகின்றன. இதற்குத் தீர்வாக பிளாஸ்மா தொழில்நுட்பம் முன்வைக்கப்படும் நிலையில், அதன் பயனையும் வரம்பையும் பிரித்தறிய வேண்டியுள்ளது.

எளிதில் வெளுக்காத வகையில் சாயங்கள் தயாரிக்கப்படுவதால், நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரிக்கும் வழக்கமான முறையில் அவை முழுமையாகச் சிதைவதில்லை. பிளாஸ்மா முறையில், வாயுவின் மீது உயர் மின்னழுத்தம் செலுத்தப்படுகிறது. அயனியாகும் வாயு நீரைத் தொடும்போது ஹைட்ராக்சில், ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை உருவாகி, சாய மூலக்கூறில் நிறம் தரும் பிணைப்பை உடைக்கின்றன. வேதிப்பொருள்களைத் தனியே கொட்ட வேண்டிய தேவை குறைவதால் கசடும் குறைகிறது.

எனினும், நிறம் மறைவதாலேயே நீர் தூய்மையாகிவிடாது. அரைகுறையாகச் சிதைந்த சேர்மங்கள் சில, மூலச் சாயத்தைவிட நச்சு மிக்கவையாக இருக்கக்கூடும். காற்றைப் பயன்படுத்தினால் நீரில் நைட்ரேட் சேர்ந்து அமிலத்தன்மை உயரும். மின்செலவும் கணிசமானது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பருத்தியில் சாயம் ஏறுவதற்காகச் சேர்க்கப்படும் உப்பை பிளாஸ்மா நீக்காது. நொய்யல் ஆற்றுநீர் பாயும் வயல்களைப் பாழாக்கியதில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகள் மூடப்பட்டன. அதன் பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு அவை மாறின. அங்கு உப்பைப் பிரிப்பவை எதிர்ச் சவ்வூடு பரவல் கருவிகளும் ஆவியாக்கிகளுமே.

தென்கொரியாவின் டேகு நகரம் ஒரு வழியைக் காட்டுகிறது. பிளாஸ்மாவைப் போலவே வினைத்திறன் மிக்க துகள்களை உருவாக்கும் எலக்ட்ரான் கற்றை ஆலை, அங்கு நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் சாயக்கழிவுநீரைக் கையாளும் திறனுடன் அமைக்கப்பட்டது. ஆனால், அதுவும் நுண்ணுயிர்ச் சுத்திகரிப்புடன் இணைந்தே இயங்கியது.

ஆகவே, பிளாஸ்மாவை முழுத் தீர்வாக அன்றி, ஒரு படிநிலையாகக் கருதுவதே பொருத்தம். ஆயிரம் லிட்டருக்கு ஆகும் மின்செலவு, எஞ்சும் நச்சுத்தன்மை, உப்பின் அளவு ஆகிய மூன்றையும் வெளிப்படையாக அளந்த பின்னரே சிறு, குறு ஆலைகள் அதில் முதலீடு செய்ய வேண்டும். தெளிந்து தெரியும் நீரை நம்பிப் பாசனம் செய்யும் உழவருக்கும் அந்த அளவீடே பாதுகாப்பு.