கூலி: அழ ஆளில்லாத பழிவாங்கல்

"கூலி" வந்த நேரம் நடந்த சண்டையும் மீமும் இப்ப அடங்கிட்டுது. இனி நிதானமா ஒரு விஷயத்தைப் பேசலாம். படம் ஏன் ஏமாத்தினது? கதை இல்ல, லொஜிக் இல்ல, நாகார்ஜுனாவை வீணாக்கிட்டாங்க எண்டு எல்லாரும் சொல்லிட்டாங்க. அதில உண்மை இருக்கு. ஆனா லொஜிக் இல்லாத எத்தனையோ ரஜினி படத்தை நாம விசிலடிச்சுப் பார்த்திருக்கம். இதுல பிழைச்சது வேற இடம். ஒரு சாவுக்குப் பழிவாங்கப் புறப்பட்ட படம், அந்தச் சாவையே பொருட்படுத்தல்ல.

(முடிவு வரைக்கும் பேசப்போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.)

2025 ஓகஸ்ட் 14 படம் வெளியானது. "அபூர்வ ராகங்கள்" 1975 ஓகஸ்ட் 15 வந்த படம் என்பதால, ரஜினியோட ஐம்பதாவது வருசக் கொண்டாட்டமாவும் அது அமைஞ்சது. லோகேஷ் கனகராஜ், அனிருத், நாகார்ஜுனா, உபேந்திரா, சௌபின் சாஹிர், கடைசியில ஆமிர் கான். அதுக்கு மேல, "மிஸ்டர் பாரத்" (1986) படத்துக்குப் பிறகு ரஜினியும் சத்யராஜும் சேர்ந்த படம். ஒரு பட்டியலாப் பார்த்தா குறையே இல்ல.

கதை இதுதான். சென்னையில மேன்ஷன் நடத்துற தேவாவுக்கு, பழைய நண்பன் ராஜசேகர் இறந்த செய்தி வருது. மாரடைப்பு என்கிறாங்க. அது கொலை எண்டு தேவா கண்டுபிடிக்கிறார். கொன்றவனைத் தேடி, விசாகப்பட்டினம் துறைமுகத்தைக் கைக்குள்ள வச்சிருக்கிற சைமனோட கோட்டைக்குள்ள போறார்.

நண்பனுக்காகப் பழிவாங்குறது ரஜினி படங்களுக்குப் புதுசு இல்ல. "பாட்ஷா" (1995) ஞாபகமிருக்கும். அதுல அன்வர் சாகிறான். அவன் சாகிறதுக்கு முந்தி சிரிக்கிறதையும், மாணிக்கத்தோட தோள்ல கை போட்டு நடக்கிறதையும் நாம பார்த்திருப்பம். கொஞ்ச நேரம்தான் வருவான், ஆனா அவன் விழும்போது நமக்கும் ஏதோ விழும். மாணிக்கம் பழிவாங்குறதோட நிக்கல்ல, செத்த நண்பனோட பேரையே தன்ர பேரோட சேர்த்துக்கிறான். "மாணிக் பாட்ஷா" எண்டு ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த அன்வரும் கூட வாறான். முப்பது வருசமா எங்கட ஊர்ப் பொடியன்மார் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறதுக்கு ஸ்டைல் மட்டும் காரணம் இல்ல.

"கூலி"யில ராஜசேகர் அப்படி நம்மோட இருக்கிறதே இல்ல. தேவாவும் அவரும் எவ்வளவு நெருக்கம் எண்டு படம் சொல்லுது, காட்டுறது குறைவு. சத்யராஜ் மாதிரி ஒரு நடிகரை வச்சுக்கொண்டு, ரெண்டு நண்பர்களும் சும்மா உக்காந்து கதைக்கிற ஒரு நல்ல காட்சியாவது மனசுல நிக்கிற மாதிரி இல்ல. அதனால தேவா அடிக்கிற ஒவ்வொரு அடியும் சத்தமாக் கேக்குது, வலி மட்டும் வரல்ல.

இதை விட எனக்கு உறுத்தினது அந்த நாற்காலி. ராஜசேகர் ஒரு கண்டுபிடிப்பாளர். மையித்தை நாற்காலியில வச்சு மின்சாரத்தால கொஞ்ச நேரத்துல சாம்பலாக்குற இயந்திரம் அவர் செய்தது. அரசாங்கம் அனுமதி குடுக்கல்ல. சைமன் அதைத் தன்ர கொலைகளை மறைக்க எடுத்துக்கிறான். யோசிச்சுப் பார்த்தா படத்திலேயே பயங்கரமான விஷயம் இதுதான். ஆள் இருந்த தடயமே இல்லாமப் போகும். ஆனா படத்துக்கு அது ஒரு கருவி மட்டும்தான். உடல்கள் வருது, எரியுது, அடுத்த காட்சி.

கல்முனைக் கரையில இருந்து இந்தக் காட்சியைப் பார்க்கிறவனுக்கு அடுத்த காட்சிக்குப் போறது லேசில்ல. 2020 ஏப்ரல்ல கொரோனாவால மௌத்தானவங்களை எரிக்கிறது கட்டாயம் எண்டு வர்த்தமானி வந்தது. அடக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேக்கல்ல. பிறந்து 20 நாளான குழந்தையையும் எரிச்சாங்க. அந்த டிசம்பர்ல பொரளை மயான வாசல்ல சனங்கள் வெள்ளைத் துணி கட்டினாங்க. அடுத்த பெப்ரவரியில பொத்துவில்லயிருந்து பொலிகண்டி வரை நடந்தவங்க எழுப்பின கோரிக்கைகள்ல இதுவும் ஒண்டு. 2021 பெப்ரவரி கடைசியிலதான் அடக்க அனுமதி கிடைச்சது. அதுவும் ஓட்டமாவடி மஜ்மா நகர்ல மட்டும். 2024 ஜூலையில அமைச்சரவை மன்னிப்புக் கேக்கத் தீர்மானிச்சது. எரிஞ்சது எரிஞ்சதுதான்.

லோகேஷ் எங்கட கதையைப் படமாக்கணும் எண்டு நான் கேக்கல்ல. அவருக்கு அது தெரிஞ்சிருக்கணும் எண்டும் இல்ல. எரிக்கிறதும் ஒரு மார்க்கத்தில மரியாதையான கடைசிக் கடன்தான், அதுவும் பிரச்சினை இல்ல. நான் சொல்றது வேற. குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, தோள்ல தூக்கிக்கொண்டு போற உரிமைக்காக ஒரு சமூகமே பத்து மாசத்துக்கு மேல அழுதிருக்கு. ஒரு உடலுக்கு அவ்வளவு பாரம் இருக்கு. அந்தப் பாரம் தெரியாத படம் எதுக்காகப் பழிவாங்குது?

அடுத்தது, பழி கேக்கிற உரிமை யாருக்கு? மார்க்கத்தில கிஸாஸ் பற்றிப் படிச்சவங்களுக்கு இது தெரியும்: கேக்கிறதும் மன்னிக்கிறதும் செத்தவரோட வாரிசுகளுக்குரிய உரிமை. இந்தப் படத்துல வாரிசு பிரீத்தி. சுருதி ஹாசன் நடிச்சிருக்கிறார். வாப்பாவை இழந்தவள் அவள். மரண வீட்டுக்கு வந்த தேவாவை வெளியில போகச் சொல்ற கோபமும் அவளிட்ட இருக்கு. அங்கயிருந்து ஒரு நல்ல படம் கிளம்பியிருக்கலாம். ஆனா அதுக்குப் பிறகு அவளுக்கு வேலை ஆபத்துல மாட்டுறதும் காப்பாத்தப்படுறதும்தான். "உனக்கு என்ன வேணும் பிள்ளை?" எண்டு படம் அவளிட்ட ஒரு தடவையும் கேக்கல்ல.

கடைசியில அவள் தேவாவோட சொந்த மகள் எண்டு ஒரு திருப்பம். கைதட்ட வச்ச இடம் அது. எனக்கு என்ன தோணினது எண்டா, வளர்த்த வாப்பா ராஜசேகர் அதோட ரெண்டாம் தடவையும் மௌத்தாகிறார். அவருக்காக அழ இருந்த மகளையும் படம் ஹீரோவுக்கு எழுதிக் குடுத்திட்டுது.

இதே மாதிரி ரகசியம் விஜய் சேதுபதி நடிச்ச "மகாராஜா"விலயும் (2024) இருக்கு. வளர்க்கிற மகள் உண்மையில யார் பெத்த மகள் எண்டு முடிவுல தெரியும்போது, வில்லனோட உலகமே இடியுது. நிதிலன் சாமிநாதன் படம் அது. அந்தப் பிள்ளைக்கு நடந்த கொடுமையைப் படம் ஒரு நிமிசமும் மறக்கல்ல. அவளே எதிரியை நேருக்கு நேர் பார்த்துப் பேச வாறாள். அதுவும் பழிவாங்கும் படம்தான், அதுலயும் வெட்டுக்குத்து இருக்கு. பார்த்து முடிஞ்சா விசில் அடிக்க வராது, வாய் கட்டிப்போகும்.

தலைப்பு "கூலி". ஆனா துறைமுகத்துல சாகிற கூலிகள்ல எத்தனை பேரோட பேர் உங்களுக்கு ஞாபகம் இருக்கு? எனக்கு 1421 என்ற பட்டியோட இலக்கம்தான் ஞாபகம் இருக்கு. அதுவும் தேவாவோடது. மூட்டை தூக்கினவனுக்கு ஒரு வீடு, உம்மா, பொஞ்சாதி, மௌத்துச் செய்தி போய்ச் சேர்ந்த வாசல் ஒண்டும் இல்ல.

"சும்மா படம்தானே மச்சான், இவ்வளவு யோசிக்கணுமா?" எண்டு கேப்பீங்க. பழிவாங்குறதை எங்கட ஊர்கள் திரையில மட்டும் பார்க்கல்ல. 2019 ஏப்ரல்ல தேவாலயங்கள்ல குண்டு வெடிச்சதுக்கு, அடுத்த மாசம் மினுவாங்கொடையிலயும் குருநாகல் பக்கத்திலயும் அந்தக் குண்டோட சம்பந்தமே இல்லாதவங்களோட கடையும் வீடும் எரிஞ்சது. செத்தவங்களுக்காக அழுது முடியவும் விடாம, யார் செய்தது எண்டு பார்க்கவும் இல்லாம, அவங்க பேரைச் சொல்லி யாரையோ அடிக்கிற பழி அப்படித்தான் முடியும்.

லோகேஷ் திறமைசாலி, அடுத்த படமும் பார்ப்பம். அதுல ஆயிரம் பேரை அடிக்கட்டும், நானும் கைதட்டுறேன். அதுக்கு முந்தி செத்துப்போற அந்த ஒரு ஆளோட வீட்டுத் திண்ணையில எங்களைக் கொஞ்ச நேரம் உக்கார விடட்டும்.