குரல் எங்கே போயிற்று?

இல்லமும் கருவியும்



சென்ற ஆண்டு என் பெற்றோரின் திருமணப் பொன்விழாவை எங்கள் இல்லத்தில் கொண்டாடினோம். விழாவின் இறுதியில் என் தந்தையார் எழுந்து ஏழு நிமிடம் பேசினார். அதிகம் பேசாதவர் அவர், அன்று பேசினார். நான்கு திங்கள் கழித்து எங்களை விட்டுப் பிரிந்தார்.

விழாவைப் படம் பிடித்திருந்த என் தங்கை மகன், அதனை ஒரு டிவிடி வட்டாக ஆக்கித் தன் பாட்டியிடம் கொண்டுவந்து கொடுத்தான். குடும்பம் முழுவதும் தொலைக்காட்சியின் முன் கூடியது. இசை ஒலித்தது, கைதட்டல் கேட்டது. தந்தையார் எழுந்து நின்றார், உதடுகள் அசைந்தன. பின்னணியில் மெல்லிய வீணையிசை மட்டுமே வந்தது. பேச்சில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. "அப்பா வாய் அசைக்கிறார், சத்தத்தைக் காணோமே, ஐயா?" என்று அம்மா என்னைப் பார்த்தார்.

"கணினியில் நன்றாகக் கேட்டதே, மாமா!" என்றான் பிள்ளை, முகம் வாடி.

வீட்டு நிகழ்ச்சிகளைச் சுற்றொலியுடன் வட்டில் பதிய விரும்பும் பலருக்கும் நேரக்கூடிய இடர்ப்பாடு இது. எங்கள் வீட்டில் அது எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டது என்பதைக் கூறினால், பிறருக்கும் உதவும் என்று எண்ணுகிறேன்.

முதலில் சுற்றொலி என்பது யாது எனக் காண்போம். 5.1 எனக் குறிக்கப்படும் முறையில் ஆறு சேனல்கள் உள்ளன. முன்புறத்தில் இடது, நடு, வலது என மூன்று; பின்புறத்தில் அல்லது பக்கவாட்டில் இடது, வலது என இரண்டு. இவ்வைந்தும் முழு ஒலியையும் ஏற்பவை. ஆறாவது, அதாவது அந்தப் புள்ளிக்குப் பின் நிற்கும் ஒன்று, இடிமுழக்கம் போன்ற ஆழ்ந்த ஒலிகளுக்கு மட்டுமே உரியது. சுமார் 120 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியை அது ஏற்பதில்லை. பேச்சு பெரும்பாலும் நடுச் சேனலில் வைக்கப்படும். இவ்வாறும் ஏசி-3 எனப்படும் டால்பி டிஜிட்டல் முறையில் சுருக்கப்பட்டு, ஒரே கோப்பாக டிவிடியில் ஏறுகின்றன.

குறையைத் தேடும்போது மனம் போனபடி ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்ப்பது வீண். ஒலி நம் செவிக்கு வந்த வழியே பின்னோக்கி நடக்க வேண்டும்: முதலில் தொலைக்காட்சி, அடுத்து வட்டு இயக்கும் கருவி, அதன்பின் வட்டு, இறுதியாகக் கணினி.

தொலைக்காட்சியிலும் கருவியிலும் குறை இருந்தால் அது வேறு வகையில் வெளிப்படும். கருவியின் அமைப்பில் 'பிட்ஸ்ட்ரீம்' என்று தேர்ந்திருந்து, தொலைக்காட்சிக்கு டால்பியைப் பிரித்தறியத் தெரியாவிடில், ஒலியே வராது. 'பிசிஎம்' என்று மாற்றினால் வந்துவிடும். எங்கள் வீட்டில் இசை வந்தது, குரல் மட்டுமே வரவில்லை. மேலும் கடையில் வாங்கிய திரைப்பட வட்டு ஒன்றை இட்டபோது பேச்சுத் தெளிவாகக் கேட்டது. ஆகவே தொலைக்காட்சியும் கருவியும் குற்றமற்றவை என்று தெளிந்தோம்.

அடுத்து, ஆறு ஸ்பீக்கர்கள் பொருத்திய நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு வட்டை எடுத்துச் சென்றோம். அங்கே மர்மம் விளங்கியது. தந்தையார் பேசத் தொடங்கியதும் நடு ஸ்பீக்கர் மௌனம் காத்தது. மூலையில் தரையிலிருந்த சப்-ஊஃபர் மட்டும் சொல்லற்று உறுமிற்று. ஆணின் குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். சொல்லை அடையாளம் காட்டும் ஒலிகளோ அதற்கு வெகுமேலே உள்ளன. அடிச்சுருதி மட்டும் தப்பி, சொற்கள் யாவும் அறுபட்டுப் போயிருந்தன. கணினியில் ஆறு கோப்புகளையும் ஆறு கட்டங்களில் இட்டபோது, குரல் இருந்த நடுக் கோப்பையும் தாழ்சுருதிக் கோப்பையும் பிள்ளை இடம் மாற்றி வைத்துவிட்டான்.

அவ்வாறாயின் பாட்டியின் தொலைக்காட்சியில் அந்த உறுமல்கூட ஏன் கேட்கவில்லை? ஆறு சேனல்களை இரண்டாகக் கலந்து தரும்போது, கருவிகள் பொதுவாகத் தாழ்சுருதிச் சேனலைச் சேர்ப்பதே இல்லை. ஆகையால் இன்றியமையாத ஒலி எதனையும் அதில் மட்டும் வைக்கலாகாது.

இடம் மாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சேனல்களின் வரிசை எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. வேவ் கோப்புகளில் இடது, வலது, நடு, தாழ்சுருதி, பின் இடது, பின் வலது என்பது வரிசை. திரைப்படத் துறையில் வழங்கும் மற்றொரு வரிசையில் இடது, நடு, வலது என்று தொடங்கித் தாழ்சுருதி கடைசியில் வரும். முதல் வரிசைப்படி உள்ளவற்றை எண் பார்த்தே இரண்டாம் வரிசையில் இட்டால், நடுவில் பேசுபவரின் குரல் வலப்புறத்திலிருந்து வரும். ஆகவே எண்ணை நம்பாமல், ஒவ்வொரு கோப்பிற்கும் அதன் சேனலின் பெயரையே சூட்டுங்கள்.

பிற குறைகளையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். டிவிடிக்குரிய டால்பி ஒலியின் மாதிரி வீதம் நொடிக்கு 48,000. 44,100 வீதத்தில் பதிவான ஒலியை முறைப்படி மாற்றாமல் 48,000 எனக் கொண்டு ஏற்றினால், சுருதி உயர்ந்து, ஒரு மணி நேரப் பேச்சு 55 நிமிடம் 7.5 நொடியில் முடிந்துவிடும். உதடும் சொல்லும் வரவரப் பிரிந்துபோகும். டிவிடியில் டால்பி ஒலியின் மேல்வரம்பு நொடிக்கு 448 கிலோபிட். அதைத் தாண்டினால் மென்பொருள் மறுக்கலாம், அல்லது கருவி திணறலாம். ஆறு ஸ்பீக்கர்களில் இரண்டு மட்டுமே ஒலித்தால், திட்டத்தின் அமைப்பு ஸ்டீரியோவாக இருந்து, மென்பொருள் நமக்குச் சொல்லாமலே ஆறையும் இரண்டாகச் சுருக்கியிருக்கலாம். ஒலி முழுவதுமே சற்றுத் தணிந்திருந்தால், 'டயலாக் நார்மலைசேஷன்' என்னும் எண்ணைப் பாருங்கள்: −31 என்றால் குறைப்பு இல்லை; −27 என்றால் கருவி 4 டெசிபல் குறைத்தே ஒலிக்கும்.

இவற்றையெல்லாம் முன்கூட்டியே அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு நிமிடச் சோதனை வட்டு தயாரியுங்கள். ஐந்து முழுச் சேனல்களிலும் முறையே "இது இடது", "இது நடு", "இது வலது" என்று உங்கள் குரலிலேயே பேசிப் பதியுங்கள்; ஆறாவதில் ஓர் ஆழ்ந்த முழவொலியை வையுங்கள். அழித்தெழுதக்கூடிய வட்டில் அதனைப் பதிந்து, முதலில் ஆறு ஸ்பீக்கர்களிலும், பின்னர் வீட்டின் சாதாரணத் தொலைக்காட்சியிலும் கேளுங்கள். சொன்ன இடத்திலிருந்து சொன்ன குரல் வந்தால் மட்டுமே உண்மை வட்டைத் தொடங்குங்கள். கணினியில் கேட்டது போதும் என்று எங்கள் பிள்ளை இருந்துவிட்டான். அவன் கேட்டது சுருக்குவதற்கு முந்தைய ஒலி. பிழை நேர்ந்ததோ சுருக்கும்போது.

குறை தெரிந்துவிட்டது, ஆனால் குரலை மீட்க வேண்டுமே! வட்டில் அறுபட்டுப்போன சொற்களை எந்த மென்பொருளாலும் திருப்பித் தர இயலாது. "மூலப் பதிவு இருக்கிறதா, தம்பி?" என்று கேட்டேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. இடம் போதாமையால் கணினியிலிருந்த கோப்புகளை அழித்துவிட்டிருந்தான். தாத்தாவின் பேச்சைத் தனியாகப் பதிந்த சிறு ஒலிப்பதிவுக் கருவியையோ, மெமரி கார்டுடன், வேறொரு திருமணத்திற்காக நண்பனுக்கு இரவல் கொடுத்திருந்தான். திருமணம் மறுநாள் காலை. அன்றிரவே இருவரும் புறப்பட்டுச் சென்றோம். நண்பன் கார்டைத் துடைத்துத் தயார்செய்ய எண்ணியிருந்தான், இன்னும் துடைக்கவில்லை.

கார்டை வாங்கி வந்ததும் முதல் வேலையாக, அதிலிருந்ததை வெவ்வேறு இரண்டு இடங்களில் படி எடுத்தோம். பிறகு வட்டை மீண்டும் தயாரித்தான் பிள்ளை. டிவிடியில் எட்டு ஒலித்தடங்கள் வரை வைக்க இடமுண்டு. எனவே முதல் தடமாகக் குரல் ஓங்கிய எளிய ஸ்டீரியோவையும், இரண்டாம் தடமாகச் சுற்றொலியையும் வைத்தான். வட்டு தானாகத் தொடங்கும்போது பாட்டிக்கு வேண்டியதே முதலில் ஒலிக்கும்.

அம்மா பேச்சை முழுவதும் கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தடவை வை, ஐயா" என்றார்.

அன்பர்களே, வட்டைப் புதிதாகப் பதிந்துகொள்ளலாம், ஸ்பீக்கரை வாங்கிக்கொள்ளலாம். மறைந்தவரின் குரலை மறுபடி பதிய முடியாது. ஆகவே முடிந்த வட்டை, அதைக் கேட்க வேண்டியவரின் தொலைக்காட்சியிலேயே முதலிலிருந்து முடிவு வரை கேட்டு உறுதி செய்யும் வரையில், மூலப் பதிவை அழிக்காதீர்கள். உறுதி செய்த பின்னரும் அதனைப் பேணி வைப்பதே நன்று.