பாஸ்வேர்டு சரி, கதவு மட்டும் திறக்கவில்லை

வடமாலபேட்டையிலிருந்து சித்தப்பா போன் செய்தார். ஜிமெயிலின் இலவச 15 ஜி.பி. நிரம்பும் நிலை. நில விவகாரம், பென்ஷன் என்று பல வருடக் கடிதங்கள். அவற்றைக் கணிப்பொறிக்குக் கொண்டுவர தண்டர்பேர்டு போட்டிருக்கிறார். "மூணு தடவை அடிச்சுட்டேன்பா, பாஸ்வேர்டு தப்புங்குது."

பாஸ்வேர்டு தப்பில்லை. வெளி மென்பொருள்கள் வெறும் பெயரையும் பாஸ்வேர்டையும் நீட்டுவதை, தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் கூகுள் ஏற்பதில்லை. அவுட்லுக், ஹாட்மெயில் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்டும் 2024 செப்டம்பரில் இதே முடிவுக்கு வந்தது.

'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். ஐமேப், போர்ட் 993, எஸ்.எஸ்.எல். எல்லாம் சரி. 'ஆதென்டிகேஷன் மெத்தட்' எதிரே மட்டும் 'நார்மல் பாஸ்வேர்டு'. அதை 'ஓஆத்2' என்று மாற்றியதும் கூகுளின் ஜன்னல் திறந்தது. பாஸ்வேர்டை அங்கேதான் தர வேண்டும். மென்பொருளுக்குக் கிடைப்பது ஓர் அனுமதிச் சீட்டு மட்டுமே. (தண்டர்பேர்டில் 'குக்கீஸ்' தடுக்கப்பட்டிருந்தால் இந்த ஜன்னல் படுத்தும்.)

கடிதங்கள் வந்தன. பதில் எழுதினால் மறுபடி மறுப்பு! அனுப்பும் எஸ்.எம்.டி.பி. சர்வருக்குத் தனிப் பக்கம். அங்கும் அதே மாற்றம் தேவை. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஓஆத் தெரியாத பழைய மென்பொருள் என்றால், கணக்கில் இரண்டடுக்குச் சோதனையை இயக்கி, 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' வாங்கலாம். ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றினால் அது செல்லாது.

சித்தப்பா உடனே பழையவற்றை அழிக்கக் கிளம்பினார். தடுத்தேன். ஐமேப்பில் இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும். முதலில் 'லோக்கல் ஃபோல்டர்ஸு'க்கு நகலெடுத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டு நாலு கடிதத்தைத் திறந்து பாருங்கள் என்றேன்.